எந்த ரெவிஷன்?

இயந்திரத் தொழிற்சாலையில் டிராயிங்கைத் தேடி வருகிறவர் உண்மையில் கேட்பது ஓர் அனுமதியை. லேத்தில் ஜாபைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் மெஷினிஸ்ட், வெளியிலிருந்து வந்த வார்ப்பை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்டர், விலை கேட்டு வென்டாருக்குத் தாள் அனுப்பும் பர்ச்சேஸ் ஊழியர், பதினைந்து வருடங்களுக்கு முன் விற்ற பம்புக்கு உதிரிபாகம் கேட்டு வந்த கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் சர்வீஸ் பொறியாளர், இந்த நால்வருக்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தத் தாளை நம்பி இந்த வேலையைச் செய்யலாம்? நிறுவனத்தின் டிராயிங்குகளை பிரவுசரில் தேடிப் பார்க்கும்படி அமைத்துத் தரும் தொழிலில் இருக்கும் நாங்கள், தேடுபெட்டி எவ்வளவு வேகமாகப் பதில் தருகிறது, படம் எவ்வளவு தெளிவாகத் திறக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் எங்கள் வேலையை அளக்கிறோம். அந்த அளவுகோல் போதாது என்பது என் கட்சி. டிராயிங் தேடலின் வெற்றியும் தோல்வியும் மென்பொருள் வருவதற்கு முன்பே, எண்ணும் ரெவிஷனும் எழுதப்படும் பதிவேட்டில் தீர்மானமாகிவிடுகின்றன. பதிவேடு உண்மையாக இருந்தால் எளிய மென்பொருளே போதும். பதிவேடு பொய்யாக இருந்தால், விலையுயர்ந்த மென்பொருள் அந்தப் பொய்யை எல்லா மேசைக்கும் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரின் பம்புத் தொழிலிலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வாகன உதிரிபாகத் தொழிலிலும், திருச்சியைச் சுற்றியுள்ள கொதிகலன் ஃபேப்ரிகேஷன் தொழிலிலும் இப்படிப்பட்ட நிறுவனங்கள் உண்டு. அங்கே மூன்று தலைமுறைத் தாள்கள் சேர்ந்து கிடக்கும். முதல் தலைமுறை, கையால் மை போட்டு வரைந்த ட்ரேசிங் ஷீட்டுகளும் அவற்றிலிருந்து எடுத்த அம்மோனியா பிரின்ட்டுகளும். இரண்டாவது, 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட் இங்கே பரவிய பிறகு உருவான டிடபிள்யூஜி கோப்புகள். மூன்றாவது, முப்பரிமாண மாடலிலிருந்து எடுத்த பிடிஎஃப்கள். ஒரே பாகம் மூன்றிலும் இருக்கும். ட்ரேசிங்கில் பிளேடால் சுரண்டி அளவைத் திருத்தியிருப்பார்கள். கணினிக் கோப்பில் அந்தத் திருத்தம் ஏறியிருக்காது. வேறொரு பாகத்தில் கோப்பைத் திருத்தியிருப்பார்கள். ஷாப் ஃப்ளோரில் பழைய பிரின்ட்டே ஓடிக்கொண்டிருக்கும். எது மூலம், எது நகல், எது காலாவதி என்று தாளே சொல்லக்கூடிய ஒரே இடம் வலது கீழ்மூலையில் உள்ள டைட்டில் பிளாக். உரிமையாளர், அடையாள எண், வெளியிட்ட தேதி, தாள் எண், தலைப்பு, வரைந்தவர், ஒப்புதல் தந்தவர், ஆவண வகை ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 7200 தரநிலை. ரெவிஷன் குறியீட்டை அது விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஆனால் உற்பத்தி நடக்கும் இடத்தில் அந்த ஒரு எழுத்தை நம்பித்தான் இரும்பு வெட்டப்படுகிறது.

பதிவேட்டில் உள்ள ஒரு பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பொதுப் பதிவில் உள்ள கொடிய சான்று, கலிஃபோர்னியாவின் சான் புருனோ நகரில் 2010 செப்டம்பர் 9 அன்று நடந்த எரிவாயுக் குழாய் வெடிப்பு. எட்டுப் பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. வெடித்தது 1956-இல் பதித்த 30 அங்குலக் குழாய். குழாயை நடத்திய பிஜி அண்டு இ நிறுவனத்தின் கணினிப் பதிவில் அந்தப் பகுதி வெல்டிங் தையல் இல்லாத குழாய் என்று இருந்தது. மண்ணுக்கடியில் இருந்ததோ நீளவாக்கில் வெல்டிங் செய்த குழாய். அதிலும் சில துண்டுகளில் வெல்டிங் அரைகுறையாக இருந்தது. விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், குழாய் பதித்தபோது வரைந்த டிராயிங்குகளையும் மற்ற மூல ஆவணங்களையும் தேடி எடுக்கச் சொன்னது. அந்த ஆவணங்களுக்கு அது வைத்த நிபந்தனை மூன்று: மூலம்வரை தடம் பிடிக்க முடிய வேண்டும், சரிபார்க்க முடிய வேண்டும், முழுமையாக இருக்க வேண்டும். 2011-இன் தொடக்கத்தில் கவ் பேலஸ் என்ற பெரிய அரங்கில் ஆவணப் பெட்டிகளைக் குவித்து ஊழியர்கள் இரவும் பகலுமாகத் தாள் தாளாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த நிறுவனத்திடம் கணினித் தேடல் இல்லாமல் இல்லை. தேடினால் பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு ஆதாரமான தாள் எது என்று கேட்டால் காட்ட முடியவில்லை. டிராயிங் தேடல் அமைக்கிற எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

ஆகவே பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்: பாகம், அதன் டிராயிங், அந்த டிராயிங்கின் ரெவிஷன். மூன்றையும் ஒரே கோப்புப் பெயரில் திணிப்பதில்தான் குழப்பம் பிறக்கிறது. ஒரு பாகத்துக்குப் பல பெயர்கள் இருக்கும். டிராயிங் ஆபீஸ் ஓர் எண்ணால் அழைக்கும், ஸ்டோர்ஸ் வேறு எண்ணால், வாடிக்கையாளர் தன் எண்ணால், ஃபவுண்டரி பேட்டர்ன் எண்ணால் அழைக்கும். இவை எல்லாம் ஒரே வரிக்கு வந்து சேர வேண்டும். ஒரு டிராயிங்குக்குப் பல ரெவிஷன்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வெளியிட்ட தேதி, திருத்தத்தின் காரணம், ஒப்புதல் தந்தவர், அது எந்தத் தேதியிலிருந்து அல்லது எந்த மெஷின் வரிசை எண்ணிலிருந்து செல்லும் என்ற விவரம் வேண்டும். டிராயிங் எண்ணே கைவிடப்பட்டு வேறு எண் வந்திருந்தால் அதுவும் தெரிய வேண்டும். நிலம் வாங்குகிறவர் பத்திரத்தைப் பார்த்ததோடு நிற்பதில்லை. வில்லங்கச் சான்று எடுத்து, பத்திரம் எழுதிய பிறகு அந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கிறார். கையில் உள்ள டிராயிங் அசலாகவே இருக்கலாம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அந்தத் தாள் சொல்லாது. பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

சர்வீஸ் பொறியாளரின் தேவை இங்கே ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. கடைசி ரெவிஷனை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. லேத்துக்கு அது சரி. பதினைந்து வருடப் பம்புக்கு இன்றைய ரெவிஷனில் ஷாஃப்ட் செய்து அனுப்பினால் அது பழைய பேரிங்கில் பொருந்தாமல் போகலாம். அவருக்கு வேண்டியது அந்தப் பம்பு விற்கப்பட்ட நாளின் ரெவிஷன். வாகனத் தொழிலுக்கான ஐஏடிஎஃப் 16949 தரநிலை, உற்பத்தி ஒப்புதல் ஆவணங்களையும் வடிவமைப்புப் பதிவுகளையும் அந்தப் பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதன்மேல் ஒரு காலண்டர் வருடமும் வைத்திருக்கச் சொல்கிறது. ஐஎஸ்ஓ 9001:2015-இன் 7.5.3 பிரிவோ ஆவணம் தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் நேரத்தில் கிடைக்க வேண்டும், அதன் மாற்றங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. பழையதை வைத்திரு, ஆனால் தவறிப்போய் யாரும் எடுத்துவிடாதபடி வை என்ற இரட்டைக் கட்டளை இது. பிரவுசரில் இதற்குத் தீர்வு உண்டு. சாதாரணத் தேடலில் நடப்பு ரெவிஷன் மட்டுமே வரட்டும். பழையது வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்கும் வழி தனியாக இருக்கட்டும். திறக்கும் படத்தின் குறுக்கே 'காலாவதி' என்று பெரிதாக எழுதியிருக்கட்டும். தேடலில் இரண்டு ரெவிஷன்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுவிட்டு, பார்ப்பவரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விடுவது அமைத்தவரின் பொறுப்பை மெஷினிஸ்ட்டின் தலையில் கட்டுவது.

தேடும் பொறியைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. ஆனால் அந்தக் குறைவு முக்கியமானது. லூசீனும் அதன்மேல் எழுந்த எலாஸ்டிக்சர்ச் போன்றவையும் உரைநடைக்காகப் பிறந்தவை. வாக்கியத்தைச் சொற்களாகப் பிரித்து, எந்தச் சொல் எந்த ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடுவது அவற்றின் பலம். டிராயிங் எண் உரைநடை அன்று. 4-1207-35 என்ற எண்ணைப் பொறி கோடு இருக்கும் இடத்தில் உடைத்துவிட்டால், 35 என்ற துண்டு உள்ள ஆயிரம் தாள்கள் வந்து நிற்கும். தேடுகிறவர் அதையே கோடில்லாமல் 4120735 என்றோ, சாய்கோடு போட்டோ, இடைவெளி விட்டோ எழுதுவார். பெரும்பாலும் நடுவில் உள்ள 1207 மட்டுமே நினைவிருக்கும். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் இரண்டு வடிவில் சேமிப்பது என் முறை. காட்டுவதற்கு டைட்டில் பிளாக்கில் உள்ளபடியே ஒன்று. ஒப்பிடுவதற்கு நிறுத்தக்குறி எல்லாம் நீக்கி, ஓ என்ற எழுத்தைப் பூஜ்யமாகவும் ஐ என்ற எழுத்தை ஒன்றாகவும் மாற்றிய இன்னொன்று. பிறகு மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டிக் குறித்து வைத்தால் நடுப்பகுதியை மட்டும் தந்தாலும் எண் கிடைக்கும். எழுத்துக்குழப்பம் பழைய பிரச்சினை. அமெரிக்க ஏஎஸ்எம்இ ஒய்14.35 தரநிலை ரெவிஷன் எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆகியவற்றை விலக்கியிருப்பது அதனால்தான். பெயர்களில் வேறு வகைச் சிக்கல். பிராக்கெட்டை ஒரு டிராஃப்ட்ஸ்மேன் முழுதாக எழுதுவார், இன்னொருவர் மூன்றெழுத்தில் சுருக்குவார், மூன்றாமவர் சப்போர்ட் என்பார். எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒன்று என்ற பட்டியல் மென்பொருளோடு வராது; அந்த டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யும் ஆப்பரேட்டருக்காக இம்பெல்லர், புஷ், கேஸிங் என்ற தமிழ் எழுத்து வடிவங்களையும் அதில் சேர்க்கலாம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அந்தப் பட்டியல், வாங்கும் எந்தத் தேடுபொறியை விடவும் அதிகப் பலன் தரும்.

பழைய தாள்களை ஸ்கேன் செய்வதில் உள்ள அபாயம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஏ0 தாள் 841-க்கு 1189 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 400 புள்ளி என்று எடுத்தால் ஏறக்குறைய 25 கோடிப் புள்ளிகள். இடமும் நேரமும் மிச்சமாகட்டும் என்று 200-க்கு இறங்கி, கறுப்பு வெள்ளை மட்டும் போதும் என்று முடிவெடுப்பார்கள். 0.25 மில்லிமீட்டர் கோட்டுக்கு அப்போது கிடைப்பது இரண்டே புள்ளி. அந்தக் கோடு மங்கிய அம்மோனியா பிரின்ட்டில் இருந்தால் ஆங்காங்கே அறுந்துபோகும். கோடு அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். தசமப் புள்ளி மறைந்தால் தெரியாது. 12.5 என்பது 125 ஆகி, சுத்தமான எண்ணாகவே நிற்கும். கருவியும் ஏமாற்றலாம். 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுகின்றன என்று வெளிப்படுத்தினார். அது அகப்பட்டது ஒரு கட்டட வரைபடத்தில். 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று மூன்று அறைகளின் பரப்பு எழுதியிருந்த இடத்தில், நகலில் மூன்றும் 14.13 என்று வந்திருந்தன. ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டும் சுருக்க முறைதான் காரணம். மங்கல் இல்லாமல், சந்தேகத்துக்கே இடமில்லாமல் தவறான எண். ஆகவே ஸ்கேனை 300 அல்லது 400 புள்ளியில், சாம்பல் நிறப் படிநிலைகளோடு, இழப்பில்லாத சுருக்கத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை மூலத்தோடு வைத்து, படித்துப் பார்க்கும் ஆள் ஒருவர் வேண்டும். ஸ்கேன் சரிபார்க்கப்பட்டதா இல்லையா என்பதும் பதிவேட்டில் ஒரு பத்தியாக இருக்க வேண்டும்.

இவ்வளவு கையுழைப்பு எதற்கு, எழுத்துணரி மென்பொருளோ இன்றைய செயற்கை நுண்ணறிவோ தாளைத் தானே படித்துக்கொள்ளாதா என்பது இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. நியாயமான கேள்வி, உதவி உண்மையிலேயே கிடைக்கிறது. டைட்டில் பிளாக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதையும், எண்ணை முதல் ஊகமாக எடுத்துத் தருவதையும் மென்பொருள் செய்தால் பதிவு செய்பவரின் வேலை பெருமளவு குறையும். ஆனால் உரைநடையைப் படிப்பதற்கும் எண்ணைப் படிப்பதற்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் ஓர் எழுத்து பிசகினால் பக்கத்துச் சொற்கள் காட்டிக்கொடுக்கும். 4-1207-35 என்பதை 4-1201-35 என்று படித்தால் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. அந்த எண்ணிலும் ஒரு பாகம் இருக்கலாம். அதனால் மென்பொருள் படித்ததை, நிறுவனத்தின் எண் அமைப்பு விதியோடும் பழைய டிராயிங் ரிஜிஸ்டரோடும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்க வேண்டும். ஒத்துப்போகாதது மனிதர் பார்வைக்கு வர வேண்டும். உருவ ஒற்றுமையைக் கொண்டு பாகத்தைத் தேடும் நவீன முறைக்கும் இதே எல்லைதான். புதிதாக ஒரு ஃபிளேன்ஜ் வரையப் போகிறவருக்கு, இதுபோல் ஏற்கெனவே வரைந்தது இருக்கிறதா என்று காட்ட அது அருமையான துணை. எதை வைத்து வெட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. கணினியிலேயே பிறந்த டிராயிங்குகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டோகேட்டின் எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் எழுதியவை பிடிஎஃப் ஆகும்போது பல சமயம் எழுத்தாக இல்லாமல் வெறும் கோடுகளாக வந்து விழும். கண் படிக்கும், தேடல் படிக்காது. டைட்டில் பிளாக்கை அட்ரிபியூட் உள்ள பிளாக்காக வைத்திருந்த நிறுவனங்களில் டிடபிள்யூஜி கோப்பிலிருந்தே எண், தலைப்பு, ரெவிஷன் மூன்றையும் பிழையில்லாமல் உருவி எடுத்துவிடலாம். முப்பது வருடத்துக்கு முன் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் காட்டிய ஒழுங்கு இன்றைய எந்த மென்பொருளை விடவும் நமக்கு அதிகம் உதவுகிறது.

பிரவுசர் ஏன் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். டிராயிங்கைத் திருத்துகிறவர்கள் சிலர், பார்க்கிறவர்கள் பலர். பார்ப்பதற்காக ஒவ்வொரு மேசையிலும் கேட் மென்பொருள் போடுவது பணத்துக்கும் கேடு, கோப்புக்கும் கேடு. பார்க்கத் திறந்தவர் அறியாமல் ஒரு கோட்டை நகர்த்திச் சேமித்துவிட முடியும். பிரவுசர் எல்லாக் கணினியிலும் இருக்கிறது. காட்டும், திருத்த விடாது. ஆனால் பிரவுசரில் எதை நம்பிக் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரலை நம்பி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காகக் கட்டிய டிராயிங் பார்வைக் கருவிகள், 2022 ஜூனில் அந்த பிரவுசர் விலக்கப்பட்டதோடு ஆதாரம் இழந்தன. குரோம் 2015-இலேயே பழைய வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டது. ஃபிளாஷ் 2020 முடிவில் போனது. டிராயிங்கின் ஆயுள் ஐம்பது வருடம், செருகுநிரலின் ஆயுள் பத்து வருடம். 2008-இல் ஐஎஸ்ஓ தரநிலையான பிடிஎஃப், நீண்டகாலக் காப்புக்கான பிடிஎஃப்/ஏ, எந்த பிரவுசரும் தானே காட்டும் படத்துண்டுகள் ஆகியவற்றோடு நின்றுகொள்வது நல்லது. ஏ0 ஸ்கேனை முழுதாக இறக்கினால் ஷாப் ஃப்ளோரின் பழைய கணினி திணறும். இணைய வரைபடங்களில் செய்வதுபோலப் படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, பல அளவுகளில் சேமித்துவிட்டால் பார்க்கும் பகுதி மட்டும் வரும். ஒவ்வோர் அளவும் முந்தையதில் கால்பங்கு புள்ளிகளே ஆவதால், கூடுதலாக வேண்டிய இடம் மூலத்தில் மூன்றிலொரு பங்குதான்.

பொருள் வாழ்க்கைச்சுழல் மேலாண்மைக்கென்றே டீம்சென்டர், விண்ட்சில் போன்ற பெரிய மென்பொருள்கள் இருக்கும்போது தனியாக ஒரு தேடல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. புதிய வடிவமைப்பை நடத்துவதற்கு அவை சிறந்தவை; மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கும் ஒழுங்கை அவைபோல் வேறெதுவும் தருவதில்லை. ஆனால் நாற்பது வருடத்துப் பழைய தாள்களை அவற்றுக்குள் ஏற்ற வேண்டுமானால் முதலில் கேட்கப்படுவது அதே எண், தலைப்பு, ரெவிஷன், நிலைப் பட்டியல்தான். அந்தப் பட்டியல் இல்லாமல் ஏற்றினால் குப்பை புதிய இடத்துக்குக் குடிபோகும். பட்டியல் சரியாக இருந்தால் இன்று எளிய தேடலோடு தொடங்கி, நாளை பெரிய மென்பொருளுக்குப் போகலாம், எதுவும் வீணாகாது. மறுமுனையில், சர்வரில் ஒழுங்கான ஃபோல்டர் வைத்துக் கோப்புக்கு நல்ல பெயர் வைத்தால் போதாதா என்பவர்களும் உண்டு. ஒருவர் மட்டும் கையாளும் சிறு பட்டறைக்குப் போதும். பலர் கையாளத் தொடங்கியதும் கோப்பு நகல் ஆகும். 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்' என்று பெயர்கள் பெருகும். ஃபோல்டர் ஒரு கோப்பை ஓரிடத்தில்தான் வைக்க முடியும். ஒரே போல்ட் பத்து மெஷினில் இருந்தால் பத்து ஃபோல்டரில் பத்து நகல், ரெவிஷன் மாறும்போது ஒன்றிரண்டு தப்பிவிடும்.

செலவைப் பற்றிய ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது. ஆயிரக்கணக்கான தாள்களை எப்போது ஸ்கேன் செய்து, எப்போது பதிந்து முடிப்பது? இங்கேதான் பதிவேடு முதலில் என்ற கொள்கை செலவைக் குறைக்கிறது. ஒரு டிராயிங் தேடலில் கிடைப்பதற்கு அதன் படம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எண், தலைப்பு, கடைசி ரெவிஷன், எந்த அலமாரியின் எந்த இழுப்பறை என்ற விவரம் மட்டும் இருந்தால் தேடுபவருக்குப் பாதி நேரம் மிச்சம். பெரும்பாலான நிறுவனங்களில் பழைய டிராயிங் ரிஜிஸ்டர் கையெழுத்தில் இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்வது ஸ்கேன் செய்வதை விடப் பல மடங்கு மலிவு. பிறகு, கையில் ஆர்டர் உள்ள பாகங்களின் தாள்களை முதலில் ஸ்கேன் செய்யலாம். மற்றவற்றை, யாராவது இழுப்பறையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ஸ்கேன் செய்த பிறகே திருப்பி வைப்பது என்று விதி வைக்கலாம். பயன்படும் தாள்கள் தாமே முன்னால் வந்துவிடும்; யாருமே கேட்காத தாளுக்குச் செலவு செய்ய வேண்டாம். தாள் கிடைக்காத எண்ணையும் அழிக்கக் கூடாது. 'காணவில்லை' என்பதும் ஒரு நேர்மையான பதில். அதைப் பார்த்த பொறியாளர் பாகத்தையே அளந்து புதிதாக வரையத் தொடங்குவார். பதிலே இல்லாவிட்டால் பாதி நாள் அலமாரியைக் கிளறுவார்.

எல்லோரும் பார்க்கும்படி திறந்தால் டிராயிங் வெளியே போய்விடும் என்ற அச்சத்தை முதலாளிகள் சொல்லும்போது அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வாடிக்கையாளரின் டிராயிங்குக்கு ரகசிய ஒப்பந்தம் இருக்கும். சொந்த டிராயிங் நிறுவனத்தின் பல வருட உழைப்பு. ஆனால் தேடல் இல்லாத நிறுவனத்தில் நடப்பதைப் பார்க்க வேண்டும். எடுக்கக் கஷ்டமாக இருப்பதால் ஒவ்வொருவரும் தனக்கென்று பென்டிரைவில் ஒரு சேமிப்பு வைத்துக்கொள்கிறார். வென்டாருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ பிடித்து அனுப்புகிறார். அந்த நகல்களுக்குக் கணக்கும் இல்லை, காலாவதியும் இல்லை. பிரவுசர் வழியாகப் போனால் யார், எப்போது, எந்தத் தாளைத் திறந்தார், அச்சிட்டார் என்ற பதிவு இருக்கும். பிரிவுக்கு ஏற்றபடி அனுமதியைப் பிரிக்கலாம். அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் பெயரும் தேதியும் பதியலாம். திரையைப் போட்டோ எடுப்பவரை எந்த அமைப்பும் தடுக்காது. ஆனால் நேர்வழி எளிதாக இருந்தால் குறுக்குவழியில் போவதற்குக் காரணம் குறையும். பாதுகாப்பில் பெரும்பகுதி அதுதான்.

அச்சிட்ட தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரவுசர் வந்துவிட்டதால் ஷாப் ஃப்ளோரில் காகிதம் மறைந்துவிடாது. எண்ணெய்க் கையோடு திரையைத் தொட முடியாது. தாளில் பென்சிலால் குறித்துக்கொள்வது வேலையின் ஒரு பகுதி. காகிதத்தை ஒழிக்கப் பார்ப்பதை விட, காகிதத்தைப் பதிவேட்டோடு கட்டிப்போடுவது நல்லது. ஒவ்வோர் அச்சிலும் டிராயிங் எண்ணும் ரெவிஷனும் அடங்கிய ஒரு கியூஆர் குறியீட்டைப் போட்டுவிட்டால், வேலை தொடங்கும்முன் போனைக் காட்டி இந்தத் தாள் இன்றும் செல்லுமா என்று கேட்கலாம். பச்சை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் புதிய அச்சு எடுக்க வேண்டும். தட்டச்சே வேண்டாம், பிற மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளிக்கும் மொழி தடையில்லை. பென்சில் குறிப்புகளும் முக்கியம். சாட்டர்ன் ராக்கெட்டின் எஃப்-1 இன்ஜினை நாசா பொறியாளர்கள் மறுபடி ஆராய்ந்து 2013 ஜனவரியில் அதன் வாயு உற்பத்திப் பகுதியை இயக்கிப் பார்த்தபோது, பழைய டிராயிங்குகள் அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் ஒவ்வோர் இன்ஜினையும் செய்தவர்கள் கையால் செய்த சரிக்கட்டல்கள் தாளில் இல்லை. இன்ஜினைப் பிரித்து ஸ்கேன் செய்து அறிய வேண்டியிருந்தது. ஷாப் ஃப்ளோரிலிருந்து 'இந்த அளவு பொருந்தவில்லை, இப்படிச் செய்தோம்' என்று வரும் குறிப்பைப் பதிவேட்டில் அந்த ரெவிஷனுக்குக் கீழேயே சேர்க்க ஓர் இடம் இருந்தால், அடுத்த ரெவிஷன் அந்த அறிவோடு பிறக்கும்.

இதையெல்லாம் செய்து முடித்தபின் இந்த அமைப்பு உயிரோடு இருக்குமா என்பது ஒரே ஒரு நிர்வாக முடிவைப் பொறுத்தது: பதிவேட்டுக்கு ஒருவர் பொறுப்பாக நியமிக்கப்பட வேண்டும். கணினிப் பிரிவு சர்வரைப் பார்த்துக்கொள்ளும்; ரெவிஷன் சி எப்போது டி ஆனது என்று அதற்குத் தெரியாது. டிசைன் பிரிவுக்குத் தெரியும். ஆனால் அடுத்த டிராயிங் அவசரத்தில் பதிவைத் தள்ளிப்போடும். முன்பு டிராயிங் ஆபீஸில் பிரின்ட் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். புது பிரின்ட் தந்தால் பழையதைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போடுவது அவர் வேலை. கணினி வந்ததும் அந்தப் பதவியை மிச்சம் என்று எடுத்துவிட்ட இடங்களில்தான் இன்று தவறான ரெவிஷனில் வெட்டிய பாகங்கள் ரிஜெக்ட் ரேக்கில் சேர்கின்றன. அந்தப் பொறுப்பை, பிரிவுத் தலைவருக்கு நேராகப் பதில் சொல்லும் அந்தஸ்தோடு, சம்பளத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வாராவாரம் பார்க்க வேண்டியது ஒரே அறிக்கை: தேடியும் பதில் கிடைக்காத சொற்கள், எண்கள். ஒவ்வொன்றும் பதிவேட்டில் இல்லாத ஒரு பாகம், அல்லது நாம் அறியாத ஒரு பெயர், அல்லது காணாமற்போன ஒரு தாள். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போகும் நிறுவனத்தில், மெஷினிஸ்ட் மேஸ்திரியிடம் ஓடாமல் திரையைப் பார்த்து ஜாபைத் தொடங்குவார். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகுதான் தேடல் அமைப்பு முடிந்தது என்று இந்தத் தொழிலில் இருப்பவர் சொல்லிக்கொள்ளலாம்.